தோட்டத்து நாயைக் காரில் தொலைதூரம் கூட்டிப்போவது எப்படி? சுங்கை சிப்புட்டிலிருந்து ஜொகூர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து தெற்கே ஜொகூர் பாருவுக்குச் சுமார் 550 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் ஆறு மணி நேரத்தில் போய்விடலாம். நாய் கூட வந்தால் எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் கிளம்பினால் எந்தக் கணக்கும் செல்லாது.

பிள்ளைகள் வேலைக்காகக் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் போய்விட்ட குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. பெருநாள் வந்தால் பெரியவர்கள்தான் கிளம்பிப் போகிறார்கள். வீட்டு நாயைச் சங்கிலியில் கட்டி, பக்கத்து வீட்டில் சோறு போடச் சொல்லிவிட்டுப் போவதுதான் இங்கே வழக்கம். பட்டாசுச் சத்தத்தில் நடுங்கிக்கொண்டு நாலு நாள் அது தனியாகக் கிடக்கும். சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிப்போகிற நாய்களும் உண்டு. கூட்டிப்போக முடியுமென்றால் கூட்டிப்போய்விடுங்கள் என்பதுதான் என் கட்சி. விரைவு பஸ்ஸிலும் கே.டி.எம். ரயிலிலும் நாயை ஏற்ற மாட்டார்கள், அதனால் கார்தான் வழி.

ஆனால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். தோட்டத்து நாய், வாரா வாரம் காரில் பூங்காவுக்குப் போய்வரும் நகரத்து நாய் இல்லை. அஞ்சடியில் (வீட்டு முன்திண்ணையில்) படுத்து, செம்பனைக் காட்டில் சுற்றி வளர்ந்தது. கழுத்தில் கயிறு போட்டு நடந்து பழக்கமில்லை, காருக்குள் ஏறியதே இல்லை. கிளம்புகிற அன்று காலையில் அதைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டால் கயிறு, கார், வேகம், சத்தம், ஊர், ஆட்கள் எல்லாம் ஒரே நாளில் புதிதாக வந்து அதன் மேல் விழும். அவற்றில் எத்தனையை முன்கூட்டியே பழக்கமாக்கி விடுகிறீர்களோ, அத்தனைக்குப் பயணம் சுலபமாகும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கிளம்புவதற்கு முந்தைய வாரங்களைப் பற்றியது என்பதற்குக் காரணம் அதுதான்.

படி 1: கூட்டிப்போகலாமா என்று முடிவு செய்வது

எல்லா நாயையும் கூட்டிப்போக முடியாது. தடுப்பூசி முழுதாக முடியாத குட்டி வேண்டாம். பொதுவாக 16 வாரம் ஆன பிறகுதான் அந்த வரிசை முடியும். கருத்தடை அறுவை செய்து தையல் பிரிக்காத நாயை இரண்டு வாரமாவது விட்டுவிடுங்கள். பருவத்தில் இருக்கும் பெண் நாய், நிறைமாதச் சினை நாய், இதய நோய் உள்ள கிழட்டு நாய், இவற்றுக்கெல்லாம் வீடுதான் நல்லது.

பக், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் மாதிரி மூக்கு அமுங்கிய இனங்களை வைத்திருப்பவர்கள் இரண்டு முறை யோசியுங்கள். நாய் தன் உடம்புச் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைப்பால்தான். இந்த இனங்களுக்கு மூச்சுக்குழாயே குறுகலானது. நம் ஊர் வெயிலில் மற்ற நாய் தாங்குவதை இவை தாங்காது.

போய்ச் சேரும் வீட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் நாய்க்கு அனுமதியில்லை. மருமகளுக்கு நாய் என்றால் பயம், பேரப்பிள்ளைக்கு ஆஸ்துமா என்பதெல்லாம் வாசலில் போய் நின்ற பிறகு தெரியவந்தால் நாயைக் கட்டிவைக்கக்கூட இடமிருக்காது. ‘ஐயா, நாயையும் கூட்டிட்டு வரலாமா? எங்க படுக்க வைக்கிறது?’ என்று மகனிடம் இரண்டு கேள்வி முன்னாலேயே கேட்டுவிட்டால் முடிந்தது.

சிங்கப்பூரில் மகள் வீடு இருக்கிறது, அப்படியே பாலத்தைத் தாண்டிவிடலாம் என்ற எண்ணம் இருந்தால், முடியாது. முன்கூட்டியே வாங்கிய இறக்குமதி உரிமமும், மைக்ரோசிப்பும், ரேபிஸ் தடுப்பூசிப் பத்திரங்களும் இல்லாமல் நாய் அந்தப் பக்கம் நுழைய முடியாது. அது பல மாத வேலை.

படி 2: ஆறு வாரத்துக்கு முன்னால் மருத்துவர்

ஊசி போட்ட மறுநாளே பலன் கிடைக்காது, உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் ஆறு வாரம். டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி இவற்றுக்கான கூட்டு ஊசி பூஸ்டர் காலம் தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். எலிச் சிறுநீர் நோய்க்கான ஊசி அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். தோட்டத்துக் கால்வாயிலும் ஓய்விடத்துக் குட்டையிலும் தண்ணீர் குடிக்கிற நாய்க்கு அது முக்கியம்.

வடக்கே போகிறவர்கள் ரேபிஸ் ஊசியைக் கட்டாயம் போட வேண்டும். 2015ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் ரேபிஸ் வந்து நாய்களைப் பிடித்து அழித்தார்கள். தாய்லாந்து எல்லையை ஒட்டிய பகுதிகளில் ஊசி போட்ட சான்று இல்லாத நாயோடு போவது உங்களுக்கும் நல்லதல்ல, அதற்கும் நல்லதல்ல.

அதே சந்திப்பில் மைக்ரோசிப் வைத்துக்கொள்ளுங்கள். அரிசி மணி அளவுக் கருவி அது, தோளுக்கு நடுவில் ஊசியால் செலுத்துவார்கள். எண்ணைப் பதிவு செய்யும்போது இப்போது பயன்படுத்தும் கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். நகராண்மைக் கழகத்தின் நாய் உரிமமும் அதன் பில்லையும் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். வெளியூரில் தொலைந்த நாய் கழுத்தில் ஒன்றும் இல்லாமல் திரிந்தால், பிடிக்க வருகிறவர்களுக்கு அது தெருநாய்தான்.

உண்ணி மருந்து, இதயப்புழுத் தடுப்பு மாத்திரை இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். இதயப்புழு கொசுவால் பரவுவது, நம் நாட்டில் வருடம் முழுக்கக் கொசுக் காலம்தான். தடுப்பூசி அட்டையைப் படமெடுத்துக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: காரைப் பழக்குவது

இதற்கு மூன்று வாரம் வேண்டும். அவசரப்பட்டால் பின்னுக்குத்தான் போகும்.

காருக்கு முன்னால் கயிறு. சங்கிலியில் கட்டிக்கிடந்த நாய்க்குச் சங்கிலி தெரியும், மனிதர் கையில் இருக்கும் கயிறு தெரியாது. இழுத்தால் எதிர்த்து இழுக்கும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையை வாங்கி, சோறு வைக்கும் நேரத்தில் மாட்டி, சாப்பிட்டு முடித்ததும் கழற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் பட்டையைக் கண்டாலே வாலாட்டும். அப்புறம் அதில் கயிற்றைக் கோத்து வாசலில் நடங்கள். கயிறு தளர்ந்திருக்கும்போது ஒரு துண்டு வேகவைத்த கோழி. இழுத்தால் நீங்கள் நின்றுவிடுங்கள், திட்ட வேண்டாம்.

இனி கார். நிழலில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, பின்பக்கக் கதவு இரண்டையும் திறந்து வையுங்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க முடியும் என்று தெரிந்தால் நாய்க்குப் பயம் பாதி குறைந்துவிடும். சோற்றுத் தட்டை முதல் நாள் கார் பக்கத்தில் வையுங்கள், அடுத்த நாள் வாசற்படியில், அதற்கடுத்து பின்சீட்டில். தூக்கிப் போடாதீர்கள். தானாக ஏறட்டும். ஏற முடியாத கிழட்டு நாய்க்கு மட்டும் வயிற்றடியில் கைகொடுங்கள்.

உள்ளே நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு ஒரு கதவை மூடுங்கள். மறுநாள் இரண்டையும். அதற்கப்புறம் என்ஜினைப் போட்டு, ஓட்டாமல், ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஏர்கோன் காற்று முகத்தில் அடிப்பது பல நாய்களுக்குப் பிடிக்காது, துவாரத்தை மேலே திருப்பிவிடுங்கள்.

ஓட்டம் தோட்டத்துச் செம்மண் பாதையில் தொடங்கட்டும். கோயில் வரை போய்த் திரும்புங்கள், அவ்வளவுதான். அடுத்து டவுன் வரை. பிறகு ஈப்போ பக்கம் அரை மணி, கடைசி வாரத்தில் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம். லாரி பக்கத்தில் உரசிப் போகும் சத்தம் நெடுஞ்சாலையில்தான் கேட்கும், அதையும் வெள்ளோட்டத்திலேயே அது கேட்டுவிட வேண்டும். போகிற இடம் எப்போதும் கிளினிக்காக இருக்கக்கூடாது. கார் என்றால் ஊசி என்று நாய் முடிவு கட்டிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். திடல், ஆற்றங்கரை, தெரிந்தவர் வீடு என்று அதற்குச் சந்தோஷமான இடத்தில் போய் முடியட்டும்.

எந்தக் கட்டத்திலாவது நடுங்கினால், எச்சில் ஒழுகினால், ஏற மறுத்தால், முந்தைய கட்டத்துக்குத் திரும்பி இரண்டு நாள் அங்கேயே இருங்கள். மூன்று வாரம் ஆகியும் டவுன் வரை கூட நிம்மதியாக வராத நாயை இந்த முறை விட்டுவிட்டுப் போவதுதான் நியாயம். நம்பிக்கையான ஒருவரை வீட்டில் தங்கச் சொல்லுங்கள், அடுத்த பெருநாளுக்குள் பழக்கிக்கொள்ளலாம்.

படி 4: காருக்குள் எங்கே உட்கார வைப்பது

மடியில் வேண்டாம். முன்சீட்டிலும் வேண்டாம். காற்றுப்பை (ஏர்பேக்) வெடித்து விரிந்தால் அந்த வேகமே நாயைக் கொன்றுவிடும். கட்டாமல் விட்ட 15 கிலோ நாய், 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால் அதே 110ல் முன்னால் பறந்து வரும். நாய்க்கும் ஆபத்து, முன்னால் இருப்பவர் கழுத்துக்கும் ஆபத்து.

நல்லது இரண்டு வழி. ஒன்று, கெட்டியான பிளாஸ்டிக் கூண்டு. நாய் உள்ளே நிற்கவும் திரும்பவும் படுக்கவும் முடிகிற அளவு போதும், அதைவிடப் பெரிதாக இருந்தால் வளைவில் உருண்டு அடிபடும். மைவி மாதிரிப் பின்கதவு உள்ள கார்களில் பின்சீட்டின் ஒரு பகுதியை மடித்தால் நடுத்தர நாய்க்கான கூண்டு பெரும்பாலும் அடங்கிவிடும், கடைக்குப் போகும் முன் அளந்துகொள்ளுங்கள். பெல்ட்டாலோ கயிற்றாலோ அது நகராதபடி கட்ட வேண்டும். சாகா மாதிரி மூடிய டிக்கி உள்ள காரில் டிக்கியில் நாயை வைப்பது என்ற பேச்சே கூடாது.

இரண்டாவது வழி, மார்புப் பட்டையை சீட் பெல்ட்டோடு இணைக்கும் குட்டை வார். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். அதை மார்புப் பட்டையின் முதுகு வளையத்தில்தான் மாட்ட வேண்டும், கழுத்துப் பட்டையில் மாட்டினால் பிரேக் பிடிக்கும்போது கழுத்து முறியலாம். படுத்து எழுந்திருக்கும் அளவுக்கு நீளம் இருந்தால் போதும்.

இடது பின்சீட்டில் வையுங்கள். நம் நாட்டில் சாலையோரம் இடது பக்கம், நாய் அந்தப் பக்கம் இறங்கினால் ஓடும் வண்டிகளுக்கு நடுவே இறங்காது. டச் அன் கோ அட்டையை நீட்டும் டோல் கம்பம் வலது பக்கம், அங்கே கண்ணாடியை இறக்கும்போது நாய் தூரத்தில் இருக்கும். கண்ணாடி, கதவு இரண்டின் பூட்டையும் போட்டுவிடுங்கள், பொத்தானை மிதித்துக் கண்ணாடியை இறக்கிவிடும் நாய்கள் உண்டு. தலையை வெளியே நீட்டவிடுவது நெடுஞ்சாலையில் கூடாது. அந்த வேகத்தில் ஒரு கல் துணுக்கு கண்ணைக் கெடுத்துவிடும்.

பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பின்தளத்தில் சங்கிலியால் கட்டி நாயைக் கொண்டுபோவது தோட்டப் பாதையில் வழக்கமாக இருக்கலாம். நெடுஞ்சாலையில் வேண்டவே வேண்டாம். எகிறிக் குதித்தால் சங்கிலியில் தொங்கும், குதிக்காவிட்டாலும் வெயிலில் கொதிக்கும் தகரத்தில் பாதம் வெந்துவிடும்.

படி 5: வாந்தி, பயம், மருந்து

வாந்தி வருவதற்கு முன்னால் நாய் சொல்லிவிடும். அடிக்கடி கொட்டாவி, உதட்டை நக்குவது, எச்சில் ஒழுகுவது, நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து உட்காருவது. குட்டிகளுக்கு இது அதிகம், ஒரு வயது தாண்டியதும் பலவற்றுக்குக் குறைந்துவிடும். வெள்ளோட்டத்தில் இந்த அறிகுறிகள் வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாரோபிடன்ட் என்ற மருந்து நாய்களின் பயண வாந்திக்கென்றே உள்ளது, தூக்கம் வரவழைக்காது. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் கொடுப்பது வழக்கம். விடிவதற்கு முன் கிளம்புகிறவர்கள் முதல் நாள் இரவே கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து எதுவானாலும் வீட்டில் ஒரு முறை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். மயக்க மாத்திரை சில நாய்களுக்கு நேர்மாறாக வெறியைக் கிளப்பும், அது தாப்பா தாண்டி நடுவழியில் தெரியக்கூடாது. வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதுவும் வேண்டாம். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலும், வலிக்குப் போடும் ஐபுபுரோஃபெனும் நாய்க்கு விஷம்.

படி 6: பையில் என்ன

வீட்டுத் தண்ணீர், ஊர் மாறினால் குடிக்காத நாய்களுக்காக. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 மில்லி என்பது கணக்கு, 15 கிலோ நாய்க்கு ஒரு லிட்டர் போல வரும். இரண்டு லிட்டர் கொண்டுபோங்கள், மேலே ஊற்றவும் வேண்டியிருக்கலாம். வழக்கமான சாப்பாடு, தட்டு, அது படுக்கும் பழைய சாக்கு அல்லது துணி (துவைக்காமல், அதன் வாசனையோடு), இரண்டு துண்டு, பழைய நாளிதழ், கழிவு அள்ளும் பைகள், கூடுதலாக ஒரு கயிறு, மருந்து, தடுப்பூசி அட்டை. சூரியன் அடிக்கும் பக்கத்துக் கண்ணாடிக்கு ஒரு மறைப்பு. நாயின் தெளிவான முழுப் படம் கைப்பேசியில் இருக்கட்டும். வழியில் உள்ள கிளினிக்குகளின் எண்களையும் முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். ஈப்போ, சிரம்பான், மலாக்கா எல்லா ஊரிலும் கிளினிக்குகள் உண்டு, செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை கிட்டத்தட்ட பாதி வழியில் வரும்.

படி 7: கிளம்பும் நாள்

பெருநாளுக்கு முதல் நாள் கிளம்பாதீர்கள். இரண்டு நாள் முன்னால் போய்விடுங்கள். நெரிசலில் நகராமல் நிற்கும் காரில் மனிதருக்கே பொறுமை போகும்.

முதல் நாள் மாலை ஆறு மணிக்கு வழக்கமான சோறு. அதற்கப்புறம் தண்ணீர் மட்டும். காலையில் சாப்பாடு வேண்டாம், சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும் சின்னக் குட்டிக்கும் மட்டும் மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள். காலியான வயிறு நாயைக் கொல்லாது. நிறைந்த வயிறுதான் சீட்டை நாசமாக்கும்.

நாலரை மணிக்குக் கிளம்புவது நல்லது. நமக்கு விடிவது ஏழு மணிக்கு, அதுவரை சாலை குளுமை, வண்டிகள் குறைவு, இருட்டில் நாயும் தூங்கிவிடும். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை வழக்கம். காலையிலேயே கிளம்பினால் இடி தொடங்கும் முன் ஜொகூர் எல்லைக்குள் வந்துவிடலாம். கிளம்புவதற்கு முன் இருபது நிமிடமாவது நடக்க வையுங்கள், கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டு ஏறட்டும்.

படி 8: வழியில்

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள், பதினைந்து நிமிடம். தாப்பா, உலு பெர்ணம், சிரம்பான், ஆயர் குரோ, பாகோ, மாச்சாப் என்று பெரிய ஓய்விடங்கள் வரிசையாக வரும். என்னைக் கேட்டால் நாயோடு போகிறவர்கள் அவற்றுக்கு நடுவே வரும் சின்ன நிறுத்தங்களைத் தேர்ந்தெடுக்கலாம். கழிப்பறையும் நிழலும் இருக்கும், கூட்டம் இருக்காது. தலைநகரின் நெரிசலுக்குள் நுழையாமல் புக்கிட் லஞ்சானில் பிரிந்து ஷா ஆலம் வழியாக நீலாய் போகும் பாதையும் நாய்க்கு நல்லது. அடிக்கடி பிரேக் பிடிப்பது குறைந்தால் குமட்டலும் குறையும்.

நிறுத்தியதும் வரிசை இதுதான். முதலில் கயிறு கையில், அப்புறம் கதவு. எப்போதும், ஒரு முறை கூட மாறாமல். பயணத்தில் நாய் தொலைவது பெரும்பாலும் கதவு திறந்த அந்த ஒரு நொடியில்தான். ஒருவர் கயிற்றைப் பிடித்த பிறகே இன்னொருவர் கதவைத் திறக்கட்டும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. புல்தரைக்குக் கூட்டிப்போங்கள். ஆனால் வேலி தாண்டிச் செம்பனை மரங்களுக்குள் விட வேண்டாம். எலிக்கு வைக்கும் விஷம் மெழுகுக் கட்டி மாதிரி மரத்தடியில் கிடக்கும், சில நாய்கள் அதைத் தின்பண்டம் என்று விழுங்கிவிடும். அந்த விஷம் இரத்தம் உறைவதைத் தடுப்பது, இரத்தக் கசிவு தெரிய இரண்டு மூன்று நாளோ அதற்கு மேலோ ஆகலாம். தின்றதைப் பார்த்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள், வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற முடியும். தேங்கிய தண்ணீரையும் நக்கவிடாதீர்கள்.

ஓய்விடம் எல்லாருக்குமானது. நாயின் எச்சில் பட்டால் முஸ்லிம்கள் சமய முறைப்படி மண் கலந்த நீரோடு சேர்த்து ஏழு முறை கழுவ வேண்டும், பயணத்தின் நடுவே அது அவர்களுக்குப் பெரிய சிரமம். அதனால் சூராவ் (தொழுகைக்கூடம்) பக்கமும் சாப்பாட்டுக் கடைகளின் பக்கமும் நாயைக் கொண்டுபோக வேண்டாம். கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், குழந்தைகள் ஓடிவந்தால் நீங்களே விலகிக்கொள்ளுங்கள். கழிவை உடனே அள்ளிக் குப்பையில் போடுங்கள். நாம் ஒழுங்காக நடந்துகொண்டால்தான் அடுத்து நாயோடு வருபவரை யாரும் முகம் சுளித்துப் பார்க்க மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு இருவர் முறை. ஒருவர் காரில் ஏர்கோன் போட்டு நாயோடு இருக்க, மற்றவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். அல்லது தாப்பாவ் (பொட்டலச் சாப்பாடு) வாங்கிவந்து மரத்தடியில் சாப்பிடுங்கள். நாயைத் தனியாகக் காரில் விட்டுப் போகக்கூடாது, ஐந்து நிமிடம் கூட. வெளியே 32 பாகை என்றால் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 40ஐத் தாண்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. இதனால்தான் நாயோடு தொலைதூரம் தனியாக ஓட்டிப் போவதை நான் ஏற்பதில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தால் அதை யாரிடம் விட்டுப் போவீர்கள்?

சூடு ஏறிவிட்டால்

நாயின் இயல்பான உடல் சூடு 38லிருந்து 39.2 பாகை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. விடாத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், செக்கச்சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி இவை அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்க, முக்கியமாக வயிறு, அக்குள், தொடையிடுக்கில் தண்ணீர் ஊற்றுங்கள். விசிறுங்கள், ஏர்கோன் காற்றில் காட்டுங்கள். குழாய்த் தண்ணீரே போதும், பனிக்கட்டி தேடி ஓட வேண்டாம். ஈரத் துண்டை மேலே போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைக்கும். தானாகக் குடித்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். குளிர வைத்துக்கொண்டே கிளினிக்குக்குப் போங்கள். எழுந்து நடந்துவிட்டாலும் போக வேண்டும், சிறுநீரகக் கோளாறு பிறகுதான் தலைகாட்டும்.

கையைவிட்டு ஓடிவிட்டால்

துரத்தாதீர்கள். துரத்தினால் நாய் சாலையை நோக்கி ஓடும். உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பி, வழக்கமான குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். காரின் கதவைத் திறந்து வைத்து அதன் துணியைக் கீழே போடுங்கள். பழக்கிய நாயென்றால் பல நேரம் காரைத் தேடித்தான் வரும். நெடுஞ்சாலைக்குள் ஓடிவிட்டால் நீங்கள் உள்ளே இறங்கக்கூடாது. 1800-88-0000 என்ற பிளஸ் நெடுஞ்சாலை நிறுவனத்தின் எண்ணை அழைத்து, பக்கத்தில் தெரியும் கிலோமீட்டர் பலகையின் எண்ணைச் சொல்லுங்கள்.

படி 9: போய்ச் சேர்ந்த பிறகு

வீட்டுக்குள் நேராக நுழையாமல் தெருவில் ஒரு நடை. கழிக்கட்டும், மோந்து பார்க்கட்டும். அந்த வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டையும் கயிற்றில் பிடித்து வெளியே, பொது இடத்தில் சந்திக்க வையுங்கள். பிறகு சத்தம் குறைந்த ஒரு மூலையில் அதன் சாக்கை விரித்துத் தண்ணீர் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சோறு, வழக்கத்தில் பாதி.

உறவினர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பாசத்தில் தட்டிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். ஆட்டுக்கறிக் குழம்பில் வெங்காயம், பூண்டு இருக்கிறது, இரண்டும் நாயின் இரத்த அணுக்களை அழிப்பவை. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் விஷம். வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

இருட்டுவதற்கு முன்னாலேயே வெளியே கொண்டுபோய் வந்துவிடுங்கள். வெடி தொடங்கியதும் உள்ளறையில் சன்னலைச் சாத்தி, தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்து, யாராவது ஒருவர் பக்கத்தில் இருங்கள். பயத்தில் இருக்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகும் என்பது உண்மையல்ல, தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளும் மார்புப் பட்டையும் பெயர்ப்பட்டையும் கழற்ற வேண்டாம், விருந்தாளிகள் கதவைத் திறந்துவிட்டு வருவார்கள்.

படி 10: திரும்பி வந்த பிறகு

அன்றே உண்ணி பாருங்கள். காது மடலுக்குள், கால் விரல்களுக்கு நடுவே, அக்குளில், வால் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் முட்கவ்வியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எல்லாம் வேண்டாம். உண்ணிக் காய்ச்சல் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் தெரியும். சோற்றைத் தொடாமல் படுத்தே கிடந்தால், ஈறு வெளுத்திருந்தால், மூக்கில் இரத்தம் வந்தால் தாமதிக்காமல் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். எந்தெந்த ஊருக்குப் போனது, எங்கெல்லாம் புல்லில் இறங்கியது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். எதைத் தேடிப் பரிசோதிப்பது என்று அவருக்குச் சீக்கிரம் தெரியும்.